மழை வந்தா காய்ச்சலும் வரணும்னு ஒண்ணும் இல்ல

ஜூன்ல இடவப்பாதி மழை தொடங்கிட்டா எங்க கன்னியாகுமரி மாவட்டத்து குழித்துறை, அருமனை, களியல் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒரு ஆளாவது போர்த்திகிட்டு படுத்திருக்கும். கேட்டா "மழைக்காலம்லா, காய்ச்சல் வரத்தான் செய்யும்"னு ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு போயிருவாங்க. எனக்கு அந்த பேச்சுதான் பொறுக்கல. நம்ம பக்கம் ஆளையே உருட்டி போடுற டெங்கு, எலிக்காய்ச்சல், மஞ்சக்காமாலை மூணுமே மழையில நனையிறதால வர்றது இல்ல, தேங்கி நிக்கிற தண்ணியாலயும் அழுக்கு கலந்த தண்ணியாலயும் வர்றது, அந்த தண்ணி நம்ம வீட்டுலயும் விளையிலயும் நம்ம கைக்கெட்டுற இடத்துலதான் கிடக்கு.

முதல்ல குடிக்கிற தண்ணி. கேரள எல்லையில பாறசாலை தாண்டி எந்த ஹோட்டல்ல உக்காந்தாலும் பதிமுகம்ங்கிற மரச்சீவல் போட்ட செவப்பு தண்ணியோ சீரகத் தண்ணியோ வெதுவெதுப்பா கொண்டு வந்து வைப்பாங்க, நம்ம வீடுகள்லயும் அந்த பழக்கம் உண்டு, நல்ல பழக்கம்தான். ஆனா அது எப்படி வெதுவெதுப்பாச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கொதிச்ச தண்ணியில பாதிக்கு பச்சத்தண்ணிய ஊத்தி சூட்டை குறைச்சிருந்தா அத்தனையும் பச்சத்தண்ணிதான், பதிமுகம் நிறம் குடுக்கும், கிருமிய கொல்லாது. தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷமாவது நிக்கணும், அப்புறம் மூடி வச்சு அது தானா ஆறணும். ராத்திரி சாப்பாடு ஆனதும் அடுப்புல ஏத்தி இறக்கி வச்சா காலையில பிள்ளைங்க பாட்டில்ல ஊத்த சரியா இருக்கும், எங்க வீட்டுல இத யாரு மறந்தாலும் நான் விடுறது இல்ல.

ஐஸும் அப்படித்தான். ஃப்ரீசர்ல வச்சா மஞ்சக்காமாலை வைரஸ் சாகாது. கல்யாண வீட்டுல வாசல்லயே கலர் கலரா வெல்கம் டிரிங்க் நீட்டுறாங்களே, அதுல போட்ட ஐஸ் எந்த தண்ணியில செஞ்சதுன்னு யாருக்கு தெரியும்? மஞ்சக்காமாலைய உண்டாக்குற ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடம்புக்குள்ள போய் நோயா வெளிய தெரிய ரெண்டு வாரத்துல இருந்து ஏழு வாரம் வரை ஆகும், பெரும்பாலும் ஒரு மாசம். அதனால கண்ணு மஞ்சளாகும்போது அந்த கல்யாண வீடு யாருக்கும் ஓர்மையில இருக்காது, வெயில்ல அலைஞ்சதால வந்ததுன்னு சொல்லி ஒற்றமூலி மருந்து தேடி கிளம்பிருவாங்க. தயவு செஞ்சு முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணி டாக்டர பாருங்க, பச்சிலைய நம்பி நாள கடத்தாதீங்க.

கிணத்து தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னு பெருமையா சொல்லுவோம், மழையில ஊத்து ஏறும்போது பக்கத்து செப்டிக் டேங்க் கழிவும் மண்ணு வழியா இறங்கி வரலாம். பிளீச்சிங் பவுடர் போடுறதுக்கு கணக்கு ரொம்ப சுலபம், ஆயிரம் லிட்டருக்கு ரெண்டரை கிராம், பக்கத்துல யாருக்காவது நோய் இருந்தா அஞ்சு கிராம். ரெண்டு மீட்டர் அகலம் உள்ள வட்டக் கிணத்துல மூணு மீட்டர் தண்ணி நின்னா ஏறக்குறைய 9,400 லிட்டர், அதுக்கு ஒரு 24 கிராம் போதும். பவுடர அப்படியே தூவக்கூடாது, பக்கெட்ல கொஞ்சம் தண்ணி விட்டு குழைச்சு, பிறகு முக்கால் பக்கெட் ஆக்கி, பத்து நிமிஷம் தெளிய விட்டு மேல நிக்கிற தெளிஞ்ச தண்ணிய மட்டும் வாளியில எடுத்து கிணத்துக்குள்ள இறக்கி நல்லா கலக்கி விடணும். ஒரு மணி நேரம் கழிச்சு கோரலாம். ராத்திரி செஞ்சா இன்னும் நல்லது.

அடுத்தது கொசு, இதுல ரப்பர் விளை வச்சிருக்கவங்ககிட்ட எனக்கு ஒரு கெஞ்சலே உண்டு. மழை கனத்ததும் பால் வெட்டு நின்னுரும், ஆனா மரத்துல மாட்டின சிரட்டையும் பிளாஸ்டிக் கப்பும் வாய திறந்தபடியே இருக்கும். மரத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு போடுங்க, ஒரு ஏக்கர்ல எத்தனை குட்டிக் குளம்! டெங்கு பரப்புற புலிக்கொசுவுக்கு இது போதும், கால்ல வெள்ளை வரி இருக்கும், பகல்லதான் கடிக்கும், விளைக்குள்ள பால் எடுக்க போறவங்கள காலையிலேயே புடிச்சிக்கும். வெட்டு இல்லாத நாள்ல எல்லாத்தையும் கவுத்து வைங்க, அவ்வளவுதான் வேலை. கமுகம் பாளை விழுந்து கிடந்தா அதையும் எடுத்து போடுங்க, அன்னாசி இலை இடுக்குல தண்ணி நிக்குதான்னு பாருங்க, வீட்டுக்குள்ள ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்குற டிரேயும் மணிபிளாண்ட் பாட்டிலும் யாரு கண்ணுலயும் படுறது இல்ல.

முட்டை கொசுவா மாற ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால வாரத்துக்கு ஒரு தடவை தண்ணிய கொட்டுனா அது பறக்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும். அந்த பக்கம் கேரளாவுல இதுக்கு டிரை டே, அதாவது தேங்குன தண்ணிய கொட்டுற நாள்னு வச்சு வெள்ளி பள்ளிக்கூடம், சனி ஆபீஸ், ஞாயிறு வீடுன்னு பிரிச்சிருக்காங்க. கொசுவுக்கு செக்போஸ்ட் கிடையாது, களியக்காவிளைக்கு இந்த பக்கமும் ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குனா என்ன? கொட்டுனா மட்டும் பத்தாது, தொட்டி ஓரத்த தேய்ச்சு கழுவணும், ஏன்னா ஒட்டியிருக்குற முட்டை மாசக்கணக்கா காஞ்சு கிடந்தாலும் தண்ணி பட்டா பொரிக்கும்.

எலிக்காய்ச்சல் வேற விதம். எலி மூத்திரம் கலந்த சகதியில வெறுங்காலோட நிக்கும்போது கால் வெடிப்பு, சின்ன காயம் வழியா கிருமி ஏறும். வாழத்தோட்டம், வயல், ஓடை சுத்தம் பண்றவங்க பூட்ஸ் போடுங்க, காயத்த கட்டிகிட்டு இறங்குங்க, ஏறினதும் சோப்பு போட்டு கழுவுங்க. 2018 வெள்ளத்தப்போ கேரளாவுல சகதியில வேலை பாத்தவங்களுக்கு வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின்ங்கிற தடுப்பு மாத்திரை குடுத்தாங்க, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் கேட்டு பாருங்க, ஆனா கர்ப்பிணிகளும் சின்ன பிள்ளைங்களும் இருக்குற வீட்டுல அவங்களுக்கு நீங்களா எடுத்து குடுக்காதீங்க.

கைகழுவுறது, நேரத்துக்கு தூங்குறது, மீந்து போன மீன்குழம்ப நல்லா கொதிக்க வச்சு சாப்பிடுறது இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

காய்ச்சல் வந்தே போச்சுன்னா கடையில போய் உடம்புவலிக்குன்னு மாத்திரை வாங்காதீங்க, டெங்குவா இருந்தா ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் ரத்தக்கசிவ கூட்டிரும், பாரசிட்டமால் மட்டும் போதும். டாக்டர்கிட்ட காய்ச்சல்னு மட்டும் சொல்லாம, போன வாரம் சகதியில நின்னேன், ரப்பர் விளைக்கு போனேன்னு சேத்து சொல்லுங்க, கெண்டைக்கால் வலியும் கண்ணு செவப்பும் இருந்தா அதையும் சொல்லுங்க, அவங்களுக்கு பாதி வழி அதுலயே தெரிஞ்சிரும். டெங்குல காய்ச்சல் விட்டதும் சரியாயிட்டுன்னு எழும்பி வேலைக்கு போயிராதீங்க மக்கா, ஆபத்து பெரும்பாலும் அப்பதான். வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், ஆள் ஒரேயடியா சோந்து போறது இதுல ஒண்ணு கண்டாலும் விடியட்டும்னு காத்திருக்காம அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.