சென்னைக்கு அந்த ஓர் எண் போதாது

மே மாதம் பிறந்துவிட்டால் வேலூரிலிருந்து என் தங்கை தொலைபேசியில் தவறாமல் கேட்பாள்: "அண்ணா, இங்கே நாற்பத்தொன்று. உங்கள் ஊரில் முப்பத்தாறுதானே? அதற்கா இவ்வளவு புலம்பல்?" தொலைக்காட்சிச் செய்தியும் அவள் பக்கம்தான் பேசும். மாலையில் வாசிக்கும் பட்டியலில் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி எல்லாம் மேலே நிற்கும். சென்னையின் இரண்டு வானிலை நிலையங்களில் மீனம்பாக்கம் நடுவில் எங்கேயாவது வரும், நுங்கம்பாக்கம் அதற்கும் கீழே.

நான் வேலூரில் வளர்ந்தவன். திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறேன், ராயப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஊர் வெயிலையும் உடம்பில் வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சென்னையின் 36 டிகிரி, வேலூரின் 41-ஐவிடக் கொடியது.

வேலூர் வெயில் சுட்டெரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு புளியமரத்தடி கிடைத்தால் போதும், பத்து நிமிடத்தில் ஆள் தேறிவிடுவான். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து, சட்டை முதுகில் வெள்ளை உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். எங்கள் வீட்டு ஜன்னலில் அம்மா வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார். அந்த அறையில் மதியம் போர்வை தேடியிருக்கிறோம். அதே தட்டியைத் திருவல்லிக்கேணியில் கட்டினால் வாசனை வரும், குளிர்ச்சி வராது. இங்கே காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. தட்டியின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை, நம் தோலின் வியர்வையையும் அப்படித்தான். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் கழுத்தும் முழங்கை மடிப்பும் பிசுபிசுத்தபடியே இருக்கும்.

செய்தியில் வரும் ஈரப்பத சதவீதமும் முழுக் கதையைச் சொல்லாது. காற்று சூடாக ஆக அதில் நீராவிக்கு இடம் கூடும்; அந்த இடத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் சதவீதம். டிசம்பரில் 24 டிகிரியில் 70 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீராவி. மே மாதத்தில் 34 டிகிரியில் அதே 70 சதவீதம் என்றால் சுமார் 26 கிராம். மார்கழிக் காலையில் சுகமாகத் தோன்றும் அதே எண், கத்திரியில் மூச்சுமுட்ட வைப்பது இதனால்தான்.

இதை அளக்க ஒரு பழைய வழி இருக்கிறது. இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஒன்றின் குமிழில் ஈர மல்துணியைச் சுற்றிவிட வேண்டும். ஈரம் எவ்வளவு வேகமாக ஆவியாகிறதோ அவ்வளவு தூரம் அந்த வெப்பமானி கீழே இறங்கும். இறங்கி நிற்கும் அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வறண்ட ஊரில் 40 டிகிரி, 20 சதவீதம் ஈரப்பதம் என்றால் அது 23-ஐ ஒட்டி இருக்கும். இங்கே 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 29-ஐத் தாண்டிவிடும். அது 35-ஐத் தொட்டுவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்பும் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. உழைக்கிறவருக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்கிவிடும்.

எங்கள் தொழிலில் இந்த ஈரத்தை மனிதர்களுக்கு முன்னால் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். டபுள் டெமி அளவுத் தாள்கட்டு ஒன்றின், அதாவது ரீமின், உறையைப் பிரித்து அரை நாள் வைத்துப் பாருங்கள். அடுக்கின் ஓரங்கள் மட்டும் ஈரத்தைக் குடித்து நீண்டு அலை அலையாக எழும்பும், நடுப்பகுதி தட்டையாகவே கிடக்கும். அந்தத் தாளை மெஷினில் விட்டால் நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. படத்தில் இருக்கும் பெண்ணின் உதட்டுச் சிவப்பு உதட்டுக்கு வெளியே வழிந்து நிற்கும். மையும் சீக்கிரம் காயாது, மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மெஷினில் ஏற்றும் நிமிடம்வரை பாலித்தீன் உறையைப் பிரிக்க எங்கள் மெஷின்மேன் அண்ணன் யாரையும் விடமாட்டார். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வேரூன்றியதற்கு அங்கே காற்று வறண்டிருப்பதும் ஒரு காரணம். அந்த ஊர் அச்சகங்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கடல்காற்றைப் பற்றிச் சொல்லாமல் சென்னை வெயிலைப் பேச முடியாது. காலை பதினொன்று, பன்னிரண்டுக்குள் அது ஊருக்குள் நுழைந்துவிட்டால் வெப்பம் மேலே ஏறாது. மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்து அதைக் கரையிலேயே மறித்துவிடும் நாட்களில்தான் நுங்கம்பாக்கமும் 40-ஐத் தாண்டுகிறது. நகரத்தின் உச்சப் பதிவு 45 டிகிரி, 2003 மே 31. ஆனால் வெப்பத்தை இறக்கும் அந்தக் காற்றே வங்கக் கடலின் ஈரத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. இரண்டு மூன்று டிகிரி குறையும், கசகசப்பு கூடும். அப்படியும் அதற்காக ஊரே ஏங்கிக் காத்திருக்கிறது, நானும்தான். அசைகிற காற்று எப்படியும் அசையாத காற்றைவிட மேல். எங்கள் தெருவுக்குக் கிழக்கே புதிதாக எழும்பிய அடுக்குமாடி அந்தக் காற்றில் பாதியை வாங்கிக்கொண்டதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

இரவைச் செய்தியில் யாரும் பேசுவதே இல்லை. வேலூரில் பகலில் எரித்தாலும், மொட்டைமாடியில் பாய் விரித்தால் விடியற்காலை மூன்று மணிக்காவது உடம்பு ஆறும். சென்னையில் மே கடைசியில் குறைந்தபட்ச வெப்பநிலையே 29, 30 என்று நிற்கும் நாட்கள் உண்டு. பகலில் கான்கிரீட் வாங்கிவைத்த சூட்டை, நீராவி நிறைந்த காற்று எளிதில் மேலே விடுவதில்லை. இரவு பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர். மின்சாரம் போன இரவுகளில் என் மனைவி குழந்தையின் கழுத்து வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவிவிட்டு, கை ஓயும்வரை பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருப்பாள். தூக்கமில்லாமல் விடிந்த உடம்பு மறுநாள் வெயிலைப் பாதித் தெம்போடுதான் எதிர்கொள்கிறது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. வெயிலும் நெரிசலும் சேர்ந்து பலர் மயங்கி விழுந்தார்கள், ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அன்று வெப்பநிலை 40-ஐ நெருங்கக்கூட இல்லை. அதே மாதக் கடைசியில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, மனதார வரவேற்கிறேன். ஆனால் வெப்ப அலைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வரையறை என்ன? கடலோரத்தில் குறைந்தது 37 டிகிரி, அதுவும் வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஈரப்பதத்துக்கு இடமில்லை. 2023 முதல், ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டை அத்துறை சோதனை முறையில் வெளியிடுகிறது. ஈரப்பதத்தால் அசௌகரியம் ஏற்படலாம் என்று அறிக்கையிலும் ஒரு வரி வருகிறது. மயங்கி விழுகிறவனுக்கு அது அசௌகரியமா? அதிகபட்ச வெப்பநிலையைச் சொல்லும் ஒவ்வொரு செய்தியிலும் ஈரக்குமிழ் அளவும் கூடவே வரவேண்டும். அதைப் பார்த்துத்தான் வெயிலில் வேலை செய்வோரின் ஓய்வு நேரம் முடிவாக வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்களுக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ரீம் கொண்டுவரும் பெரியவர். போன கோடையில் ஒரு மதியம் பாதிச் சுமையை இறக்கிவிட்டு, வாசற்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், ஆனால் உடம்பு அனலாகக் கொதித்தது. அவ்வளவு வியர்த்தும் அதில் ஒரு துளி குளிர்ச்சிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்து, மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்த பிறகுதான் கண் தெளிந்தார். அன்று செய்தியில் சென்னைக்குச் சொன்னது 35.

அதன்பிறகு அச்சக வாசலில் இரண்டு வெப்பமானிகளை மாட்டி வைத்திருக்கிறோம். துணியை நனைத்து வைக்கும் பொறுப்பு பைண்டிங் பிரிவு அக்காவுடையது. ஈரக்குமிழ் 28-ஐத் தாண்டும் நாட்களில் ரீம் இறக்குவதை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்துவிட்டார். இனி காகிதக் கடைக்காரரிடம் பேச வேண்டும், அவர் ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுகிறார்.