நீலகிரியில் தானியங்கி இன்சுலின் பம்ப்: மலை ஏறும்போது கவனிக்க வேண்டியவை

டைப் 1 சர்க்கரைக்குக் கோவையில் பம்ப் பொருத்திக்கொண்டு குன்னூரிலும் ஊட்டியிலும் பயன்படுத்துகிறவர்கள் நாங்கள். பயிற்சியில் சொல்லித் தருவது சமவெளிக்குப் போதும். மலைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

உடம்பில் ஒட்டிய சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் சுகர் அளவைப் பார்த்து, மினிமெட் 780ஜி போன்ற பம்ப் இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும். ஆனால் அது கணக்கு வைப்பது இன்சுலினைத் தள்ளும் மோட்டார் நகர்ந்த தூரத்தைத்தான். உடம்புக்குள் உண்மையில் எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியாது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. அவ்வளவு ஏறுவதற்குள் காற்றழுத்தம் குறைந்து, ரிசர்வாயரில் (பம்ப்புக்குள் இன்சுலின் நிரப்பும் சிறு கலம்) உள்ள காற்றுக் குமிழி ஏறக்குறைய கால் பங்கு விரிந்து இன்சுலினைத் தள்ளுகிறது. 1 யூனிட் என்பது 0.01 மில்லிதான், 0.04 மில்லி குமிழி இருந்தாலே 1 யூனிட் கணக்கில் வராமல் உள்ளே போய்விடும். சின்னப் பிள்ளைக்கு அது பெரிய அளவு. இறங்கும்போது குமிழி சுருங்கும், இன்சுலின் குறையும், சுகர் ஏறும்.

அதனால் நிரப்புவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை அறை வெப்பத்துக்கு வரவிடச் சொல்வார்கள். ஊட்டிக் குளிரில் அறையே சில்லென்றிருக்கும். ஸ்வெட்டருக்குள் அரை மணி நேரம் வைத்திருப்பது நல்லது. சில்லென்ற இன்சுலினில் கரைந்திருக்கும் காற்று, உடம்புச் சூட்டில் குமிழியாகப் பிரியும். ரிசர்வாயரை நிமிர்த்திப் பிடித்துத் தட்டி, குமிழியைக் குப்பிக்கே திருப்பித் தள்ளுங்கள். பயண நாளில் முழுக்க நிரப்பவும் வேண்டாம்.

வழியில் குன்னூரில் நிறுத்தி, பம்ப்பிலிருந்து உடம்புக்கு இன்சுலின் வரும் டியூபைப் பாருங்கள். குமிழி தெரிந்தால் முதலில் உடம்பிலிருந்து கழற்றுங்கள், பிறகு டியூப் நிரப்பும் மெனு வழியாக வெளியே தள்ளுங்கள். போலஸாக (சாப்பாட்டுக்கு ஒரே தடவையில் கொடுக்கும் டோஸாக) தள்ளினால் அது உடம்புக்குள் போனதாகப் பம்ப் எண்ணிக்கொண்டு அடுத்த சில மணி நேரம் குறைத்தே கொடுக்கும். வழியில் சுகர் இறங்கினால் விரலில் குத்திப் பார்த்து 15 கிராம் குளுக்கோஸ்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில், குறிப்பாகத் தலைகுந்தா பக்கம், டியூப் சட்டைக்குள்ளேயே இருக்கட்டும். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, கொட்டிவிடுங்கள். இரவில் காரில் வைக்கவே கூடாது.

பம்ப்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழாயான கேனுலா மடங்கினால், இன்சுலின் போகாமல் சில மணி நேரத்தில் கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் ஏறும். சுகர் 250-க்கு மேல் நின்று இறங்காவிட்டால் கீட்டோன் பாருங்கள், 0.6 மில்லிமோலைத் தாண்டினால் இன்சுலினைப் பென் ஊசியில் போட்டு, டியூபும் கேனுலாவும் சேர்ந்த செட்டை மாற்றி, மருத்துவரை அழையுங்கள். மழையில் மண் சரிந்து பாதை அடைபடும் மாதங்களில் வேகமாக வேலை செய்வது, நீண்ட நேரம் வேலை செய்வது என இரண்டு வகை இன்சுலின் பென்னும் வீட்டில் இருக்க வேண்டும்.