கடல் தின்றது போக மிஞ்சிய மாசிலாமணி நாதர்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ முடித்துவிட்டு, சாப்பிட்ட கையோடு வேனில் ஏறி ஊர் திரும்புகிற எல்லோரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தரங்கம்பாடிக்கு ஏன் ஒரு எட்டு போய்விட்டு வருவதில்லை? போகிற சிலபேரும் டேனிஷ் கோட்டையைப் பார்த்து, அலைக்கு முன்னால் நின்று நாலு செல்ஃபி எடுத்து, கோட்டையிலிருந்து பார்த்தாலே கண்ணுக்குத் தெரிகிற மாசிலாமணி நாதர் சிவன் கோயிலை ஒரு படமாக மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே போய்க் கும்பிட்டவர்களைக் கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீட்டிலேயே போன வருஷம் வரைக்கும் யாரும் போனதில்லை, அதுவும் சித்தப்பா சின்ன வயதில் அந்த ஊரில் வளர்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும்.

சித்தப்பாவின் சதாபிஷேகத்துக்காக, அதாவது எண்பதாம் கல்யாணத்துக்காகத்தான் திருக்கடையூர் போனோம். அங்கே நடப்பதை நான் விளக்க வேண்டியதில்லை, போனவர்களுக்குத் தெரியும். பிராகாரத்தில் அடிக்கு ஒரு ஹோமம், ஒரு பக்கம் அறுபது, ஒரு பக்கம் எழுபது, நடுவில் எண்பது, எந்த நாதஸ்வரம் எந்தத் தம்பதிக்கு வாசிக்கிறது என்பதே பிடிபடாது. கலசத் தண்ணீரை மகன், மகள், மருமகள், பேரன் என்று ஆளாளுக்கு எடுத்து ஊற்றியதில் சித்தியின் புடவை பிழிந்தால் ஒரு குடம் தேறும் அளவுக்கு நனைந்துவிட்டது, சித்தப்பா நடுங்கிக்கொண்டே "முதல்ல காபி, அப்புறம் தாலி" என்றார். அமிர்தகடேஸ்வரரைப் பார்த்து, காலசம்ஹார மூர்த்தி சன்னதியில் நின்றபோது குருக்கள் சின்னத் திரையை விலக்கிக் காலடியில் கிடக்கிற எமனைக் காட்டினார். அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் இன்னும் கொஞ்சம் ஆயுள் கேட்டு வந்தவர்கள்தான். அபிராமி சன்னதியில் ஒரு பெரியவர் அந்தாதியில் "விழிக்கே அருளுண்டு" பாட்டை எடுத்ததும், பக்கத்தில் நின்றவர்களும் கூடவே சொன்னார்கள். தை அமாவாசையன்று, அந்தாதி பாடிய அபிராமி பட்டருக்காக நிலா வந்த பாட்டு அது.

மத்தியானம் விருந்து முடிந்து கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு சித்தப்பாதான் ஆரம்பித்தார், "தரங்கம்பாடி போலாமாடா?" என்று. ஒருநாளும் தனக்கென்று எதுவும் கேட்காத மனுஷர். சித்தி "வெயில்ல எதுக்கு" என்றாள். நாலு மணிக்குக் கிளம்பினோம்.

வழியெல்லாம் அவருக்கு ரயில் ஞாபகம்தான். மாயவரத்திலிருந்து (மயிலாடுதுறைதான்) தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் கிளைப்பாதை இருந்தது, மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று போகும். 1980களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த வழியில் தண்டவாளமும் இல்லை. "அபிராமியம்மனுக்கு ரயில்ல வந்து இறங்கின ஜனம் தம்பி அதெல்லாம்" என்றார். தாத்தா தரங்கம்பாடியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த வருஷங்களில், லீவுக்கு மாயவரம் போய்த் திரும்பும்போது கடைசி ஸ்டேஷன் வருவதற்கு முன்பே காற்றில் உப்பு வாடை வந்துவிடுமாம், உடனே பாட்டி பாத்திர மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிடுவாளாம்.

மெயின் ரோட்டிலிருந்து திரும்பியதும் வெள்ளை அடித்த பெரிய நுழைவாயில். இப்போதிருக்கிற வாயில் 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் கடல்வரைக்கும் நேராக ஓடுகிறது கிங் ஸ்ட்ரீட். அங்கே வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு சித்தப்பா இறங்கி நடந்தார். நாங்கள் பின்னால்.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தால் ஊரின் கதை மொத்தமும் வரிசையில் நிற்கிறது. சீயோன் கோயில் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது, 1701. எதிரே புது எருசலேம் கோயில், 1718. அதற்கு முன்பு 1707-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய முதல் எருசலேம் கோயிலைக் கடல் கொண்டுபோய்விட்டது, அதனால்தான் இதற்குப் பெயரில் 'புது'. ஆக சிவன் கோயில், மாதா கோயில் என்றெல்லாம் கடல் பார்ப்பதில்லை. சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் இந்தக் கரையில் இறங்கியவர், தமிழில் புதிய ஏற்பாட்டை இங்கேயே அச்சடித்தவர், 1719-ல் இறந்து இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கமானவர். எனக்கு அவரிடம் பிடித்தது வேறொரு விஷயம். ஐயனார், மாரியம்மன், பிடாரி என்று நம் சாமிகளைப் பற்றியெல்லாம் ஊர்க்காரர்களிடம் விசாரித்து ஒரு பெரிய புத்தகமாக எழுதி 1713-ல் ஜெர்மனிக்கு அனுப்பினார். அந்த மதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்று அங்கே அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. மாற்ற வந்த மனுஷன், கும்பிடுகிறவனைவிடக் கவனமாகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் தேடியது ஒரு வீட்டை. பக்கத்துத் தெருவில் வழவழவென்று சிமெண்ட் திண்ணை, இரண்டு மரத்தூண், உள்ளே முற்றம் வைத்த வாடகை வீடு. தெரு இருந்தது. அந்த இடத்தில் கருவேலமும் எருக்கும் மண்டிய ஒரு காலிமனை, பின்பக்கம் கிணற்றின் உறை மட்டும் நாலு வரிசை. தூண்களை யாரோ நல்ல விலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள், பழைய தேக்குத் தூணுக்கு இன்று இருக்கிற கிராக்கி அப்படி. அவர் கிணற்று உறையில் கையை வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்: இந்தப் பக்கம் தையற்காரர், அவர் பக்கத்தில் விடியற்காலையில் ரொட்டி போடும் பாய், எதிர்ச்சாரியில் கிறிஸ்தவ டீச்சரம்மா ஒருத்தர், கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து முறுக்கும் கேக்கும் வரும், தீபாவளிக்குப் பாட்டி அதே தட்டை நிரப்பித் திருப்பி அனுப்புவாள். மூலையில் யாரும் இல்லாத ஒரு கிழவி, கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாளாம். எந்த வீடும் இப்போது அப்படி இல்லை. ரயில் நின்றதும் சிலர், பிள்ளைகளின் வேலைக்காகச் சிலர், 2004 சுனாமிக்குப் பிறகு சிலர் என்று போய்விட்டார்கள். அந்த டிசம்பர் 26 அன்று இந்த ஊரில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள், பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். அதைப் பற்றி வழியில் எதிர்ப்பட்ட யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை, கேட்பது முறையில்லை என்று சித்தி கண்ணாலேயே சொல்லிவிட்டாள்.

இந்த ஊரே வந்து போனவர்களின் ஊர்தான். 1620-ல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே கெட்டே இலங்கையில் காலூன்றப் பார்த்து முடியாமல் இங்கே வந்து சேர்ந்தார், தஞ்சை ரகுநாத நாயக்கர் வருஷத்துக்கு 3,111 ரூபாய் வாடகைக்கு இடம் கொடுத்தார். கோட்டை எழுந்தது, கப்பல் வந்தது, மிளகு போனது. 1845-ல் வங்காளத்தில் இருந்த தங்கள் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரே இங்கேதான் உட்கார்ந்திருந்தார். அப்புறம் 1861 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரம் அந்தப் பக்கம் போனது, தரங்கம்பாடி அயர்ந்து தூங்க ஆரம்பித்தது. பிற்பாடு வந்த கிளை ரயிலும் போனது. அவ்வளவுதான்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தவர் மாசிலாமணி நாதர். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 1305-ஆம் வருஷத்துக் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. கட்டும்போது கடல் இவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்க முடியாது. முன்மண்டபம், மதில் என்று முன்பக்கம் இருந்ததையெல்லாம் அலை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டது. இன்றைக்கும் கரையில் செங்கல் கட்டிகள் கிடக்கின்றன, ஒன்றை எடுத்துப் பார்த்தேன், மூலையெல்லாம் தேய்ந்து கூழாங்கல் மாதிரி உருண்டு, ஒரு பக்கத்தில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பக் கீழேயே வைத்தேன், கோயில் சொத்து. கருங்கற்களைக் கொட்டி அரண் போட்டதால்தான் மிச்சம் நிற்கிறது.

இங்கே ஒரு சண்டை இருக்கிறது, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு இந்தக் கோயில் பாதி இடிந்து, கருத்துப்போய், அலைக்குப் பின்னால் நிற்பதைப் படம் எடுத்தவர்களுக்கு இப்போதைய திருப்பணி பிடிக்கவில்லை. பெயிண்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். வண்ணம் கொஞ்சம் தூக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன், பழைய கல்லைத் தொடாமல் இன்னும் பக்குவமாகச் செய்திருக்கலாம். ஆனால் இடிந்த கோயில் அழகாக இருக்கிறது என்று சொல்கிறவர் யாரும் உள்ளே விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்ததாகக் கேள்விப்படவில்லை. ஊரில் மிச்சம் இருக்கிறவர்களுக்கு அது படம் இல்லை, சாமி.

நாங்கள் போனபோது உள்ளே எங்களைத் தவிர ஒரு பாட்டியும் இரண்டு பள்ளிக்கூடப் பையன்களும். சன்னதி சின்னது. திருக்கடையூரில் காலையில் ஒருத்தர் முதுகைத்தான் முக்கால்வாசி நேரம் பார்த்தேன், இங்கே லிங்கத்தைக் கண்குளிரப் பார்க்க முடிந்தது. வெளியே அலை அடிக்கிற சத்தம் கருவறைக்குள் வேறு மாதிரி கேட்கிறது, தரையிலிருந்து வருவதுபோல. குருக்கள் அவசரப்படவில்லை. அர்ச்சனை யார் பேருக்கு என்று கேட்டார். குடும்பத்தார் பெயரெல்லாம் காலையிலேயே அபிராமிக்குச் சொல்லியாகிவிட்டது என்று சித்தி ஆரம்பிக்க, சித்தப்பா குறுக்கே புகுந்து, அந்தத் தையற்காரர் பெயர், ரொட்டிக்கடை பாய் பெயர், டீச்சரம்மா பெயர் என்று சொல்லிக்கொண்டே போனார். குருக்கள் ஒரு கணம் நிறுத்தி, "கோத்திரம் நட்சத்திரம்?" என்றார்.

"அதெல்லாம் தெரியாது சாமி. பேருக்கே பண்ணுங்க. எல்லாரும் இந்தத் தெருக்காரங்க."

"உசிரோட இருக்காளா?"

"அதுவும் தெரியாது."

குருக்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே சங்கல்பமாகச் செய்தார். சுவாமி பேருக்கு என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார் என்று நினைத்தேன், இல்லை, பாய் பெயரையும் டீச்சரம்மா பெயரையும் நிறுத்தி நிதானமாக உச்சரித்தார். மூலைவீட்டுக் கிழவியின் பெயர் மட்டும் சித்தப்பாவுக்கு வரவில்லை. பிரகாரம் சுற்றும்போதும் முனகிக்கொண்டே வந்தார். மாயவரம் தாண்டிய பிறகு, எல்லோரும் தூங்கிவிட்ட வேனில், ஞாபகம் வந்துவிட்டது என்று என்னைத் தட்டி எழுப்பிச் சொன்னார். இன்னொரு தடவை வர வேண்டும்டா என்றார். சித்தி தூக்கத்திலேயே "வெயில் தாழ்ந்ததும்" என்றாள்.

போகிறவர்களுக்கு: மத்தியானம் நடை சாத்தியிருக்கும், காலையில் சீக்கிரமோ மாலையிலோ போங்கள். பூ, தேங்காய், எண்ணெய் எல்லாம் பொறையாரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் போன அன்று கோயில் பக்கத்தில் கடை எதுவும் கண்ணில் படவில்லை. எண்ணெய் ஒரு லிட்டராகவே வாங்குங்கள், வருகிறவர்கள் குறைவு, அவர்களுக்கு உதவும். வண்டி இல்லாதவர்களுக்கு மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பஸ் இருக்கிறது, நுழைவாயிலில் இறங்கி நடந்துவிடலாம். நேரம் இருந்தால் மீனவர் தெருவில் ரேணுகாதேவி அம்மனையும் பார்த்துவிடுங்கள், எங்களுக்கு அன்று இருட்டிவிட்டது. பக்கத்திலேயே அனந்தமங்கலத்தில் பத்துக் கை ஆஞ்சநேயர் இருக்கிறார், அங்கே கூட்டத்துக்குக் குறைவிருக்காது.