சொந்தப் பணத்தில் அடைத்த கடனுக்கு அபராதம் கேட்டார்கள்

குடும்பச் சொத்து ஒன்றை விற்றதில் என் பங்காக வந்த பணத்தைக் கொண்டு, இன்னும் பல ஆண்டுகள் தவணை மீதமிருந்த வீட்டுக் கடனை மொத்தமாக அடைத்துவிட நானும் என் கணவரும் முடிவு செய்தோம். கடன் கொடுத்தது ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனம்; வட்டியோ காலம் முழுவதற்கும் நிலையானது. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தபோது, சந்தைக்கேற்ப ஏறி இறங்கும் மிதவை வட்டியில் கடன் வாங்கிய உறவினர்களுக்கெல்லாம் சுமை குறைந்தது. எங்கள் தவணையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

விண்ணப்பம் கொடுத்ததில் சிக்கல் எதுவும் இல்லை. கடன் முடிப்புக் கணக்கு அறிக்கை கைக்கு வந்தபோதுதான், அசலுக்கும் வட்டிக்கும் கீழே, பாக்கி அசலில் 2 சதவீதம் முன்கட்டண அபராதமாகவும் (கடனைக் காலத்துக்கு முன்பே அடைப்பதற்கான அபராதம்), அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியாகவும் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டோம். பாக்கி 20 லட்சம் ரூபாய் என்றால் இது 47,200 ரூபாய். கேட்டதற்கு, நிலையான வட்டிக் கடன் என்றாலே அபராதம் உண்டு, கணினி தானாகப் போடும் தொகையைக் கிளையில் யாராலும் நீக்க முடியாது என்று அலுவலர் முடித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்திட்டிருந்த பக்கத்தையும் எடுத்துக் காட்டினார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கென ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நிலையான வட்டி வீட்டுக் கடனைக் கடனாளி தன் சொந்த ஆதாரத்திலிருந்து அடைத்தால் முன்கட்டண அபராதம் வாங்கக் கூடாது. வங்கி, வீட்டுவசதி நிதி நிறுவனம், வங்கிசாரா நிதி நிறுவனம் போன்ற நிதி நிறுவனங்களிடம் கடனாக வாங்காத எந்தப் பணமும் சொந்த ஆதாரம்தான் என்று அந்த வழிகாட்டுதலே விளக்குகிறது. சேமிப்பு, நகை விற்ற பணம், சொத்தில் வந்த பங்கு எல்லாம் அதில் அடங்கும். குறைந்த வட்டிக்காக வேறொரு வங்கிக்குக் கடனை மாற்றுவோருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கிகளிடம் நிலையான வட்டியில் வாங்கியவர்களும் இதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வங்கிகளுக்கு 2012-இல் வந்த தடை மிதவை வட்டி வீட்டுக் கடன்களுக்கு மட்டுமே உரியது. முதல் சில ஆண்டுகள் நிலையாகவும் பிறகு மிதவையாகவும் இருக்கும் கடன் என்றால், அடைக்கும் நாளில் எந்த வட்டியில் இருக்கிறது என்பதே கணக்கு.

இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்பதை அடுத்த முறை போனபோது தெரிந்துகொண்டோம். விற்பனைப் பத்திரத்தின் நகல், பங்குத் தொகை என் கணக்கில் வரவாகியிருப்பதைக் காட்டும் வங்கி அறிக்கை, இதற்காக எங்கும் கடன் வாங்கவில்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்துத் தர அலுவலர் மறுத்தார். அதனால் அதே கடிதத்தைக் கிளைக்கும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் மின்னஞ்சலாக அனுப்பி, ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் தேசிய வீட்டுவசதி வங்கியின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதிவு செய்வோம் என்றும் எழுதினோம். இத்தகைய நிறுவனங்கள் மீதான புகாரை அங்குதான் கொண்டுபோக வேண்டும்.

இதற்குள் முதல் அறிக்கையின் செல்லுபடிக் காலம் கடந்துவிட்டது. நாளுக்கு நாள் வட்டி ஏறும் என்பதால் புதிய அறிக்கை வாங்க வேண்டியிருந்தது, ஒரு தவணையும் கூடுதலாகப் போனது. எவ்வளவு கோபம் வந்தாலும் இந்த இடைவெளியில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். தாமதம் கடன் வரலாற்றில் பதிவாகும், அபராதத்தை எதிர்த்துப் பேசும் உங்கள் நிலையும் வலுவிழக்கும். தலைமையகத்திலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. அபராதத் தொகை இல்லாத புதிய அறிக்கையும் வந்தது. அன்று மாலையே என் கணக்கிலிருந்து நேரடியாகப் பணத்தை அனுப்பி முடித்தேன். இந்த வழிகாட்டுதலைக் கேள்விப்படாமல், அச்சிட்ட தொகையை அப்படியே கட்டிவிட்டுப் போனவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பணம் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மீது பதிவாகியிருக்கும் கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும். நிறுவனத்தின் காரணமாகத் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. மூலப் பத்திரங்கள் மையக் கிடங்கில் இருக்கின்றன, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று கிளையில் சொன்னார்கள். இந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுதிய பிறகே தேதி கிடைத்தது. கடன் வாங்கும்போது அவர்கள் கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒரு பழைய வில்லங்கச் சான்று விடுபட்டிருந்ததைப் பார்த்து, அது வரும்வரை பெறுகைச் சீட்டில் கையெழுத்திடவில்லை.

தமிழ்நாட்டில் சொத்து வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக் கட்டம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. சொத்தின் உரிமை ஆவணங்களைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்ததைப் பதிவு செய்து கடன் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்தப் பொறுப்பு தீர்ந்ததாகத் தெரியும். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட வந்தவர் தமக்குரிய அதிகாரப் பத்திரத்தைக் கொண்டுவராததால் ஒரு நாள் முழுவதும் வீணாயிற்று. ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன், யார் வருகிறார், எந்த அதிகாரப் பத்திரத்துடன் வருகிறார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ளக் கொடுத்த அனுமதியை வங்கியில் ரத்து செய்யுங்கள். அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவகமான செர்சாயில் (CERSAI) உள்ள பதிவு நீங்கியதா, கடன் வரலாற்று அறிக்கையில் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்பதையும் சில வாரங்கள் கழித்துப் பாருங்கள். எங்கள் புதிய வில்லங்கச் சான்றில் ரசீதின் பதிவு எண் ஏறியிருக்கிறது. செர்சாய் பதிவு நீங்கியதற்கான உறுதியை நிறுவனம் இன்னும் அனுப்பவில்லை, அதற்கான நினைவூட்டலை இன்று அனுப்பியிருக்கிறேன்.