தரங்கம்பாடி முதல் தஞ்சாவூர் வரை: ஊரைக் காட்டிக் கீர்த்தனை பாடுவது எப்படி

சபையிலிருந்து வேன் பிடித்துத் தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். கடற்கரையில் இறங்கி, 1706-இல் இங்கே வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் நினைவுச் சின்னத்தின் முன் படம் எடுப்பார்கள். புதிய எருசலேம் ஆலயத்தில் ஒரு ஜெபம், கோட்டைக்குள் ஒரு சுற்று, மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்கால். மொத்தம் இரண்டு மணி நேரம். வழி முழுக்க வேனில் பென்டிரைவ் பாட்டு அலறும். கூட அழைத்து வந்த இந்து நண்பருக்கோ முஸ்லிம் நண்பருக்கோ அதில் மிஞ்சுவது வெயில் மட்டும்.

அதே ஊரோடு தஞ்சாவூரையும் சேர்த்து இரண்டு நாளாக்கி, நான்கே நான்கு பாட்டை எடுத்துக்கொண்டு போனால் கதை வேறு. விசுவாசத்தைப் பற்றி நாம் பேச்சைத் தொடங்கவே வேண்டாம், நண்பரே கேட்பார். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊரின் கதையைப் பாதியாகச் சொல்லக் கூடாது. நமக்கு வெட்கமான பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் ஏற்பாடு. ஆட்கள் 15 முதல் 20 வரை போதும். அதற்கு மேல் போனால் ஆலயத்துக்குள் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது. கேட்காதவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மே மாதம் மணலில் கால் வைக்க முடியாது. தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் கிடையாது. மயிலாடுதுறையில் இறங்கிச் சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸிலோ வேனிலோ வர வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழனும் வெள்ளியுமாகத் திட்டம் போட்டால் வியாழனே தரங்கம்பாடியாக இருக்கட்டும். ஞாயிறு வேண்டாம், அன்று ஆலயம் அந்தச் சபையாருக்குச் சொந்தம். மற்ற நாட்களிலும் போகிற அன்று பூட்டு தொங்கினால் பயணமே வீண். ஆலயத்தைத் திறந்து மூடுகிறவரிடமும் (தெற்கே கோயில்குட்டி என்பார்கள்) குருவானவரிடமும் ஒரு வாரம் முன்பே சொல்லி, பாடப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

காலை ஆறரைக்குக் கடற்கரை. ஆனால் தொடங்க வேண்டிய இடம் சீகன்பால்கு இறங்கிய இடம் இல்லை. அலை அரித்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்ட மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி. டேனியர்கள் வந்தது 1620-இல். தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்த பிறகு. நாயக்கர் அனுப்பிய கடிதம் தங்க ஏட்டில் எழுதப்பட்டு இன்னும் கோபன்ஹேகனில் இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டால், 1706-க்கு முன் இங்கே வெறும் மணல்தான் இருந்தது என்ற தொனி நம் பேச்சில் வராது. கூட வந்த நண்பரின் ஊர்ப்பெருமைக்கும் இடம் கிடைத்துவிடும்.

அதன் பிறகு, 1706 ஜூலை 9. இறங்கியவர்கள் இருவர், சீகன்பால்குவும் புளூட்சோவும். ஜெர்மானியர்கள், அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். சீகன்பால்கு தமிழ் எழுத்து கற்றது திண்ணைப் பள்ளியில், சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி. காலடியில் மணல் இருக்கும்போதே இதைச் சொல்வது நல்லது. ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம்.

கடற்கரையில் பாட ஆசை வரும். கடல்காற்று நம் முகத்துக்கு நேரே வீசினால் சத்தம் பின்னால் போய்விடும், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. மதிலுக்கு முதுகைக் காட்டி அரைவட்டமாக நிற்க வேண்டும். மிருதங்கம் எடுத்துப் போகாதீர்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். கஞ்சிரா அதைவிட மோசம். ஒரு ஜோடி ஜால்ரா போதும். ஆர்மோனியம் இருந்தால் ஆலயத்தில் மட்டும் திறக்கலாம். உப்புக்காற்று உள்ளே போனால் பித்தளை நாக்குகளில் பச்சை படரும், பிறகு ஒன்றிரண்டு சுரம் ஊமையாகும். போனில் ஓடும் சுருதிப் பெட்டி அலைச்சத்தத்தில் காணாமல் போகும் என்பதால் சிறிய ஸ்பீக்கர் ஒன்று வேண்டும்.

பொறையாறு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அங்கே காலைச் சாப்பாட்டை முடித்து ஒன்பது மணிக்கு ராஜவீதியில் புதிய எருசலேம் ஆலயம். 1718 அக்டோபர் 11-இல் பிரதிஷ்டையானது, சிலுவை வடிவக் கட்டடம். முகப்பில் அரசரின் பெயரெழுத்தும் கிரீடமும் இருக்கும். பீடத்தருகே சீகன்பால்குவின் கல்லறை. ஆலயம் கட்டி முடித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23-இல் இறந்தார். வயது 36. தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இந்த ஆலயத்தில்தான் முதல் இரண்டு பாட்டு. ஒன்று ஞானப்பாட்டு, ஒன்று கீர்த்தனை. அடுத்தடுத்து, இடையில் ஒரு வார்த்தை பேசாமல். லுத்தரன் சபைகளில் ஞானப்பாட்டு என்பதும் சி.எஸ்.ஐ. சபைகளில் பாமாலை என்பதும் அநேகமாக மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொல்லை உட்காரவைத்தவை. கீர்த்தனை பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் இசையிலேயே பிறந்தது, புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறில் நெடிலில் பளிச்சென்று தெரியும். ஜெர்மன் மெட்டில் நீண்ட சுரம் எங்கே வரும் என்பது மெட்டிலேயே முடிவாகிவிட்டது. அந்த இடத்தில் ‘மனம்’ வந்தால் சபை ‘மானம்’ என்று பாடும். ‘கலம்’ காலமாகும், ‘படு’ பாடாகும். பாடுகிறவர் தவறில்லை. மெட்டு நீட்டச் சொல்கிறது, குறில் மறுக்கிறது. கீர்த்தனையில் சொல்லுக்குத் தகுந்தபடி சுரம் அமைந்திருப்பதால் இந்தச் சண்டை குறைவு. பாட்டுத் தெரிந்த நண்பர் யாராயிருந்தாலும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். ஒரு விசுவாசம் ஒரு மொழிக்குள் குடியேற எத்தனை தலைமுறை பிடிக்கும் என்பதை இரண்டு பாட்டில் காதாலேயே கேட்டுவிடலாம். அதற்காக ஞானப்பாட்டை மட்டமாகப் பேச வேண்டாம். முன்னூறு வருஷத்துக்கு நெருக்கமாக மரண வீட்டில் பாடப்பட்ட பாட்டுகள் அதில் இருக்கின்றன.

பத்து மணிக்கு டான்ஸ்போர்க் கோட்டை. அங்கே பாட்டு வேண்டாம். தொல்லியல் துறை இடம், மற்ற பார்வையாளர்களும் இருப்பார்கள். சொல்ல வேண்டிய கதை ஒன்று போதும். 1708-இன் கடைசியில் சீகன்பால்குவை டேனிஷ் தளபதி இங்கே சிறைவைத்தார், நான்கு மாதம். ஒரு விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்றது உடனடிக் காரணம். தன் அரசர் அனுப்பிய போதகரைத் தன் அரசரின் கோட்டையிலேயே அடைத்தார்கள். வெள்ளைக்காரன் வந்தான், அதிகாரத்தோடு மதத்தையும் கொண்டுவந்தான் என்று நினைத்திருக்கும் நண்பருக்கு இந்த அறையின் முன் நிற்பது ஒன்றே விளக்கம். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழரின் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-இல் எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மேலிடம் அச்சிட மறுத்துவிட்டது. 1867-இல்தான் அது அச்சேறியது. நம் பக்கத்திலும் மூடிய கதவு இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கும்பகோணத்து நெரிசலையும் சாப்பாட்டையும் சேர்த்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேனில் மறுநாள் பாட்டுகளின் சுருதியைப் பார்த்துவிடலாம்.

இதில்தான் அதிகம் பேர் சறுக்குவது. பாடகர் குழுத் தலைவர் ஆணாக இருந்தால் ஒரு கட்டையில் (கீபோர்டின் ‘சி’ சட்ஜமாக) எடுப்பார். மேல் ஸ்தாயி காந்தாரத்தில் பெண்கள் கீச்சென்று நின்றுவிடுவார்கள். ஐந்து கட்டையில் எடுத்தால் பெண்களுக்குச் சௌகரியம், ஆண்கள் கீழே முனகுவார்கள். பயிற்சியில்லாத கலப்புக் கூட்டம், ஆணும் பெண்ணும் ஒரு ஸ்தாயி இடைவெளியில், நிம்மதியாகப் பாடும் எல்லை கீபோர்டில் ‘ஏ’ முதல், ஒரு ஸ்தாயி தாண்டி மேலே வரும் ‘டி’ வரை. பாட்டின் ஆகக் கீழ்ச் சுரமும் ஆக மேல் சுரமும் அதற்குள் விழ வேண்டும். பாட்டு நடு சட்ஜத்திலிருந்து மேல் காந்தாரம் வரை போனால் ஆறரைக் கட்டை, கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமத்துக்குள் அடங்கினால் இரண்டரை. சரணத்தில் மட்டும் ஒருமுறை எல்லை தாண்டினால் அந்த வரியை இரண்டு பேர் பாடட்டும், மற்றவர்கள் பல்லவிக்கு வந்து சேரலாம்.

தாளத்தில் ஒரே எச்சரிக்கை: கீபோர்டின் ரெடிமேட் ரிதத்தை அணைத்துவிடுங்கள். சாபு தாளம் மூன்றும் நான்குமாக ஏழு. அதை நாலு நாலாகத் தட்டுகிற ரிதத்தில் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு இடிக்கும், அதைச் சமாளிக்கப் பாடுகிறவர்கள் கடைசி அசையை இழுப்பார்கள். பல சபைகளில் சாபு தாளக் கீர்த்தனைகள் ஆதி தாளமாக மாறிப்போனது இப்படித்தான்.

எந்தப் பாட்டு என்பது அடுத்த கேள்வி. கலப்புக் கூட்டத்தில் தன்மை ஒருமையில் வாக்குக் கொடுக்கும் பாட்டுகளைத் தவிர்க்கலாம். ‘என்னையே தந்தேன்’ என்ற மாதிரி வரியை நண்பர் மரியாதைக்காகப் பாடினால் அது அவர் வாயில் பொய், பாடாமல் நின்றால் அவருக்குச் சங்கடம். படைப்பைச் சொல்வது, பிறப்பைச் சொல்வது, துதிப்பது என்றால் கேட்கவும் முடியும், விரும்பினால் சேரவும் முடியும். பல்லவி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடினால் புத்தகமே தேவையில்லை. ஏழு சரணம் இருந்தாலும் மூன்று போதும். தாள் கொடுப்பதென்றால் பெரிய எழுத்தில், ஒரே தாளில்.

மறுநாள் காலை தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா பக்கம் சுவார்ட்ஸ் ஆலயம், 1779. பெரிய கோயிலிலிருந்து நடந்தே போகலாம். உள்ளே ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் மிஷனரி சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி தஞ்சை இளவரசர் சரபோஜி. சுவார்ட்ஸ் இறந்தது 1798 பிப்ரவரி 13. சிற்பத்தைச் செய்வித்தது சரபோஜி. பேசாமல் இரண்டு நிமிடம் அதைப் பார்க்க விடுங்கள். கடைசிவரை இந்துவாகவே இருந்த ஒரு மன்னருக்கும் போதகருக்கும் நடுவில் இருந்த பாசம் அந்தக் கையில் தெரிகிறது. நட்புக்கு மதமாற்றம் வாடகையாக இருக்கவில்லை என்பதை நண்பர் தானே பார்த்துக்கொள்வார்.

அதே சுவார்ட்ஸ் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வந்த பையன்தான் வேதநாயகம். 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி 1800-இல் பாடப்பட்டது. தஞ்சை அரண்மனைக்குப் பழக்கமான குறவஞ்சி வடிவத்தையே எடுத்து, சீயோன் குமாரத்தியை நாயகியாக்கி, கிறிஸ்துவின்மேல் காதலாக்கினார். கோள்கள் சூரியனைச் சுற்றும் கணக்கையும் அதில் வைத்துவிட்டார். மூன்றாவது பாட்டு இவருடையதாக இருக்கட்டும். ஆலயத்துக்குள், ஆர்மோனியம் மெதுவாக. கல்சுவரில் ஓசை தங்கும். வீட்டில் பாடுவதைவிட வேகத்தைக் கால்பங்கு குறைத்துப் பாடாவிட்டால் சொல்மேல் சொல் ஏறும்.

பாடி முடித்த பிறகு, பாட்டின் இனிப்பு வாயில் இருக்கும்போதே, மீதியைச் சொல்ல வேண்டும். 1829-இல் புதிய மிஷனரிகளுக்கு எதிராகச் சாஸ்திரியார் முறையிட்டு எழுதினார். வேதாகமத்தின் புது மொழிபெயர்ப்பை எதிர்த்தார். கல்யாணத்தில் பூ வைக்கக் கூடாது என்றதை எதிர்த்தார். ஆலயத்தில் தமிழ்ப் பாட்டைத் தடுத்ததை எதிர்த்தார். இந்த மூன்றிலும் அவரோடு இன்று நமக்குச் சண்டை வராது. அதே முறையீட்டில் நான்காவதாக, சபையில் சாதி வித்தியாசமில்லாமல் ஒன்றாக உட்காரவைத்ததையும் கொடுமை என்றார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை ஒழிக்கச் சொன்னபோது தஞ்சாவூர்ச் சபையில் பலர் பிரிந்து போனார்கள்.

தமிழ்ப் பாட்டைக் காப்பாற்றிய கையும் சாதி வரிசையைக் காப்பாற்றிய கையும் ஒன்றே. இந்த இடத்தில் வேனில் வந்தவர்கள் முகத்தைப் பாருங்கள். தாத்தா எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்பது தெரிந்தவர் அதில் ஒருவராவது இருப்பார். விளக்கம் சொல்லி மழுப்ப வேண்டாம், ‘அந்தக் காலம் அப்படி’ என்று மூடவும் வேண்டாம். இந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் உண்மையான கேள்வி வரும்: ‘அப்புறம் ஏன் நீங்க இதில இருக்கீங்க?’ பதிலை அவரவர் தன் வாயால் சொல்லட்டும். குழுத் தலைவர் எல்லாருக்குமாகப் பதில் சொல்லக் கிளம்பினால் அது பிரசங்கமாகிவிடும்.

நான்காவது பாட்டு மங்களம். கச்சேரியானாலும் பஜனையானாலும் நம் ஊரில் முடிப்பது அதில்தான், கிறிஸ்தவக் கீர்த்தனை மரபிலும் அப்படியே. ஆலய வாசலில் நின்றபடி பாடலாம். தொண்டை களைத்திருக்கும் என்பதால் அரைக்கட்டை இறக்கி எடுங்கள். ஜால்ரா வேண்டாம், கைத்தட்டு போதும்.