பெயர் இல்லாத கல்லறை

காலையில் சமைத்துக்கொண்டே அமெரிக்கப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தைக் கேட்டேன்.

1923-இல் பதிவான பாட்டு. மைக் கிடையாது, கூம்புக் குழாய்க்குள் பாடிப் பதிந்தது. கடுகு வெடிப்பதுபோல் ஒரே கரகரப்பு. அதையும் மீறி எழுகிறது அந்தக் குரல். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் பேரரசி என்று அவரைக் கொண்டாடினார்கள். 1937-இல் மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

ஆனால் பென்சில்வேனியாவில் அவரைப் புதைத்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, 33 ஆண்டுகள்! நினைத்தாலே நெஞ்சு பொறுக்கவில்லை.

1970 ஆகஸ்டில் இரண்டு பெண்கள் பணம் போட்டுக் கல் நட்டார்கள். ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். இன்னொருவர் ஹுவானிட்டா கிரீன். சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் தரை துடைத்தவர்.

அந்தக் கைகளையே இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.