எம்.ஆர்.பி. இல்லாத ஊரில் கூப்பன்

பாலக்காட்டு எல்லையோரத்து வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ சோப்புக் கட்டியைத் திருப்பிப் பார்த்தால் விலை தெரிந்துவிடும். எல்லா வரியும் சேர்த்து அச்சடித்த எம்.ஆர்.பி. அது. அதற்கு மேல் கடைக்காரர் ஒரு பைசா கேட்க முடியாது. நியூ ஜெர்ஸிக்கு வந்து இறங்குகிற நம் பக்கத்து ஆட்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். பாக்கெட்டில் விலையே இருக்காது. ஒரே பற்பசை ஒரு கடையில் 3 டாலர், எதிர்க்கடையில் 5 டாலர், அடுத்த வாரம் அதே கடையில் 4 டாலர் என்று மாறும். இந்த நேரத்தில் ‘1 டாலர் தள்ளுபடி’ என்று ஒரு கூப்பன் கைக்கு வருகிறது. எந்த விலையிலிருந்து அந்த 1 டாலர் குறைகிறது என்று பார்க்காமல் வாங்கினால், கூப்பனும் போய் காசும் போகும்.

எல்லையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்ததுதான். பாலக்காட்டுக்காரர் கோயம்புத்தூர் வந்தால் விலை குறைவு என்று வாளையாறுக்குத் தமிழ்நாட்டுப் பக்கமே பெட்ரோல் போட்டுக்கொள்வார். ஆந்திரப் பக்கத்து நகரி, புத்தூர் ஆட்கள் திருத்தணி வரும்போது டேங்கை நிரப்பிக்கொள்வார்கள். அதற்கென்றே தனியாக வண்டியை எடுத்தால் மிச்சம் பிடித்தது வழியிலேயே தீர்ந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கண்ணோடு அலமாரியைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது அலமாரிச் சீட்டின் பெரிய எழுத்து விலையை அல்ல. அதே சீட்டின் ஓரத்தில் சின்னதாக யூனிட் விலை இருக்கும். ஓர் அவுன்ஸுக்கு எவ்வளவு, ஒரு பவுண்டுக்கு எவ்வளவு என்று அது சொல்லும். நியூ ஜெர்ஸியில் பெரிய மளிகைக் கடைகள் இதைக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். துணி துவைக்கும் திரவத்தை எடுத்துக்கொள்வோம். 50 அவுன்ஸ் பாட்டில் 6 டாலர், கையில் 1 டாலர் கூப்பன் என்றால் அவுன்ஸுக்கு 10 சென்ட் விழுகிறது. பக்கத்திலேயே 150 அவுன்ஸ் பாட்டில் கூப்பன் இல்லாமல் 12 டாலருக்கு இருந்தால் அவுன்ஸுக்கு 8 சென்ட்தான். அதற்கும் கீழே, குனிந்து பார்த்தால், கடையின் சொந்தப் பிராண்டு 7 சென்ட்டுக்குக் கிடக்கலாம். ஒன்று கவனம்: ஒரு சீட்டில் அவுன்ஸ் கணக்கும் அடுத்த சீட்டில் குவார்ட் கணக்கும் போட்டிருப்பார்கள். ஒரு குவார்ட் என்றால் 32 அவுன்ஸ். பேப்பர் டவலில் ஒன்று ரோல் கணக்கு, மற்றது 100 தாள் கணக்கு. அந்த இடத்தில் போன் கால்குலேட்டரை எடுத்துவிடுங்கள்.

கூப்பனில் படத்தை நம்ப வேண்டாம். அந்த வகையிலேயே விலை கூடிய சரக்கைத்தான் பெரும்பாலும் படமாகப் போட்டிருப்பார்கள். கட்டுப்படுத்துவது எழுத்து. ‘8 அவுன்ஸ் அல்லது அதற்கு மேல்’ என்றிருந்தால் 7.6 அவுன்ஸ் டப்பாவைக் கல்லா இயந்திரம் ஏற்காது. ‘இரண்டு வாங்கினால்’ என்பதை விட்டுவிட்டு ஒன்றோடு வந்து நிற்பவர்கள் நிறைய. பயணத்துக்கான குட்டிப் பாக்கெட்டுகளைத் தனியாக விலக்கியிருப்பார்கள். ‘லிமிட் ஒன் பெர் பர்சேஸ்’ என்றால் ஒரு சாமானுக்கு ஒரு கூப்பன்; நான்கு சாமான் வாங்கினால் நான்கு கூப்பன் கொடுக்கலாம். ‘பெர் டிரான்சாக்‌ஷன்’ என்றால் முழு பில்லுக்கும் ஒன்றுதான். தேதியில் நம் ஆட்கள் தவறாமல் சறுக்குகிறார்கள். இங்கே மாதம்தான் முதலில். 03/04 என்றால் மார்ச் 4, ஏப்ரல் 3 அல்ல. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்துப் பத்திரப்படுத்திய கூப்பன் அதற்குள் செத்திருக்கும்.

கூப்பனில் இரண்டு சாதி உண்டு. சாமானைத் தயாரிக்கும் கம்பெனி தருவது ஒன்று, கடையே தருவது மற்றது. கம்பெனிக் கூப்பனை வாங்கும் கடை அதைத் திருப்பி அனுப்பித் தொகையைக் கம்பெனியிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. கையாளும் செலவுக்கென்று ஒவ்வொன்றுக்கும் 8 சென்ட் சேர்த்துத் தருவதாகப் பல கூப்பன்களின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆகவே கூப்பனை நீட்டக் கூச்சப்பட ஒன்றுமில்லை. கடைக்காரர் கையிலிருந்து எதுவும் போவதில்லை. வாங்காத சாமானுக்குக் கூப்பன் போட்டுவிட்டால் கம்பெனி பணம் தராது. கல்லாவில் இருப்பவர் கறாராக இருப்பது அதனால்தான். ஒரே சாமானுக்குக் கம்பெனிக் கூப்பன் ஒன்றும் கடைக் கூப்பன் ஒன்றும் சேர்த்துப் போடப் பல கடைகள் விடுகின்றன. கம்பெனிக் கூப்பன் இரண்டைச் சேர்க்க விடமாட்டார்கள்.

வரியிலும் இந்த வித்தியாசம் தெரியும். நியூ ஜெர்ஸி விற்பனை வரி 6.625 சதவீதம். அரிசி, பருப்பு, காய்கறிக்கு வரி இல்லை. டாய்லெட் பேப்பருக்கும் டயப்பருக்கும் இல்லை. ஷாம்பு, பற்பசை, சலவைச் சோப்புக்கு உண்டு. 8 டாலர் ஷாம்புவுக்கு 3 டாலர் கம்பெனிக் கூப்பன் கொடுத்தால், வரி முழு 8 டாலருக்கும் 53 சென்ட். கொடுக்க வேண்டியது 5.53. அதே 3 டாலர் கடைக் கூப்பன் என்றால் வரி 5 டாலருக்கு மட்டும், 33 சென்ட். மொத்தம் 5.33. பில் தப்பாகிவிட்டது என்று கவுண்டரில் வாதாடும் முன் கூப்பன் எந்தச் சாதி என்று பாருங்கள்.

நம் சமையலறைக்கு இது எவ்வளவு உதவும்? உள்ளதைச் சொன்னால், அடுப்பு எரிகிற பக்கம் அதிகம் உதவாது. ஊரில் கேரள அரசின் மாவேலி ஸ்டோரில் ரேஷன் கார்டைக் காட்டி மானிய விலையில் வாங்கும் 13 சாமான்களில் மட்டை அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, தேங்காயெண்ணெய், மிளகாய், மல்லி எல்லாம் வந்துவிடும். இங்கே கூப்பன் வருவது சீரியல், சிப்ஸ், உறைந்த பீட்சா, சோடா போன்றவற்றுக்கு. ஊரில் தொடாத சாமானெல்லாம் ‘மிச்சம்’ என்ற பெயரில் வண்டியில் ஏறுவது இப்படித்தான், குழந்தைகளும் அதற்குப் பழகிவிடுகிறார்கள். நமக்குப் பயன்படுவது பற்பசை, ஷாம்பு, சலவைத் திரவம், பாத்திரம் கழுவும் மாத்திரை, டயப்பர், தயிர், ஓட்ஸ். இந்த ஏழெட்டுக்கு மட்டும் கூப்பன் பாருங்கள், வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை, ராஜ்மா, தக்காளிக்குக் கூப்பன் தேடி அலைய வேண்டாம். ஷாப்ரைட் கடையில் ஜனவரியில் ‘கேன் கேன் சேல்’ என்ற டப்பாச் சரக்குத் தள்ளுபடி வரும், அப்போது வாங்கி அடுக்கிக்கொள்ளலாம். காஸ்ட்கோவிலும் ஆல்டியிலும் கம்பெனிக் கூப்பன் எடுபடாது, அங்கே கொண்டுபோய் நிற்காதீர்கள்.

இப்போது பெரும்பாலான கூப்பன் காகிதத்தில் இல்லை, கடையின் ஆப்பில். இதில்தான் மனம் வெறுத்துப்போகிறது. அலமாரியில் 1.99 என்று மஞ்சள் சீட்டு கண்ணைப் பறிக்கும். கீழே பொடி எழுத்தில் ‘டிஜிட்டல் கூப்பனுடன்’ என்றிருக்கும். ஆப்பில் அந்தக் கூப்பனைத் தொட்டு ‘கிளிப்’ செய்யாமல் போனால் 3.99 விழும். ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மா அப்பாவிடம் இந்த ஊர் போன் எண் இருக்காது, ஆப்பும் இருக்காது. சீட்டைப் படித்து நம்பி எடுத்தவருக்கு இரட்டை விலை போடுவது நியாயமே இல்லை. அவர்கள் தனியே கடைக்குப் போவதாக இருந்தால் உங்கள் கணக்கில் பதிவான போன் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கல்லாவில் அந்த எண்ணைத் தட்டினால் நீங்கள் வீட்டிலிருந்தே கிளிப் செய்து வைத்த கூப்பன்கள் கழியும். கிளிப் செய்யும் வேலையை வீட்டு வைஃபையில் முடித்துவிடுவது நல்லது. கடைக்குள் சிக்னல் விட்டுப்போகும், சில சமயம் கிளிப் செய்தது கணக்கில் ஏறச் சில நிமிடம் பிடிக்கும். கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று இரண்டு கணக்கு இருந்தால், ஒன்றில் கிளிப் செய்துவிட்டு மற்ற எண்ணைத் தட்டுவது அடிக்கடி நடக்கும். இன்னொன்று: கிளிப் செய்த கூப்பன் தகுதியான முதல் சாமானிலேயே தானாகக் கழிந்துவிடும். பெரிய பாட்டிலுக்கென்று காத்திருக்க அதற்குத் தெரியாது.

வாட்ஸப்பில் ‘100 டாலர் இலவசக் கூப்பன்’ என்று வரும் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். கூப்பன் கழிக்கக் கார்டு எண்ணோ ஓ.டி.பி.யோ யாருக்கும் தேவையில்லை.

‘10 டாலருக்கு 10’ என்று போட்டிருந்தால் பெரும்பாலான கடைகளில் பத்தும் எடுக்க வேண்டியதில்லை, ஒன்று எடுத்தாலும் 1 டாலர்தான். கட்டாயம் என்றால் ‘மஸ்ட் பை’ என்று எழுதியிருப்பார்கள். தள்ளுபடிச் சரக்கு தீர்ந்துபோயிருந்தால் வெறுங்கையோடு திரும்பாமல் கஸ்டமர் சர்வீஸ் மேசையில் ‘ரெயின் செக்’ கேளுங்கள். சரக்கு வந்ததும் அதே விலைக்குத் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. எல்லாக் கடையிலும் தருவதில்லை. அது கடையின் விலையை மட்டும்தான் காப்பாற்றும், உங்கள் கூப்பனின் தேதியை நீட்டாது.

பணம் கட்டியதும் கதவைத் தாண்டாமல் பில்லை வரி வரியாகப் பாருங்கள். கழிந்த கூப்பன் ஒவ்வொன்றும் சாமானுக்குக் கீழேயோ பில்லின் கடைசியிலோ கழித்தல் குறியோடு தனி வரியாக இருக்கும். ஒன்று விட்டுப்போயிருந்தால், சாமானையும் அலமாரிச் சீட்டின் போட்டோவையும் காட்டி அந்த மேசையிலேயே கேட்டால் பெரும்பாலும் திருத்தித் தருவார்கள். ஆப் இல்லாத பெரியவர்கள் கேட்டாலும் சில கடைகளில் டிஜிட்டல் விலையைப் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போய்விட்டு 2 டாலருக்காகத் திரும்ப வண்டி எடுக்க வேண்டாம். கிளம்பும்போது ஊரிலிருந்து வந்த மஞ்சப்பை நாலு காரில் இருக்கட்டும்: 2022 மே 4 முதல் நியூ ஜெர்ஸியின் பெரிய மளிகைக் கடைகளில் பிளாஸ்டிக் பையும் இல்லை, காகிதப் பையும் இல்லை. அங்கே ஒரு பை வாங்கினால் கூப்பனில் மிச்சம் பிடித்த 1 டாலர் அதற்கே போய்விடும்.